போக்கர் மேசையும் ஏழு கேள்விகளும்



பிழைப்பைத் தேடி ஊரைவிட்டு வந்த நம்மவர்களைச் சூதாட்டம் எப்பொழுதும் நகரத்தின் வாசலிலேயே நின்று வரவேற்றிருக்கிறது. பழைய பம்பாயில் அதற்கு மட்கா என்று பெயர். நியூயார்க் பருத்திச் சந்தையின் விலை எண்களின்மேல் பந்தயம் கட்டுவதில் தொடங்கி, பின்பு எண்களைக் குலுக்கி எடுப்பதாக மாறி, ஆலைத் தொழிலாளரின் கூலியை அது விழுங்கிற்று. தமிழ்நாட்டிலோ லாட்டரிச் சீட்டு இருந்தது. 2003ஆம் ஆண்டில் அரசு அதைத் தடை செய்யும்வரை எத்தனையோ வீடுகளின் அரிசிப் பணம் அதில் போயிற்று. இவ்விரண்டும் தீமை என்று நம் குடும்பங்கள் நன்றாய் அறிந்திருந்தன. ஆனால் இப்பொழுது நம் பிள்ளைகளின் கைபேசிக்குள் வந்திருப்பது தன்னைச் சூதாட்டம் என்று சொல்லிக்கொள்வதில்லை. “திறமை விளையாட்டு” என்று சொல்லிக்கொள்கிறது. அதில் ஒன்றுதான் ஆன்லைன் போக்கர்.

இதைக் கண்டித்துப் பிரசங்கிக்க நான் போதகன் அல்ல. மும்பையில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கணக்குத் தணிக்கை வேலை செய்கிறவன். சபையில் காணிக்கையை எண்ணி ஏட்டில் எழுதுகிறவன். ஆகவே ஒரு கணக்கனாகவே இதை எழுதுகிறேன்.

கணக்குக் கேட்ட தம்பி

2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், எங்கள் சபைக்கு வரும் ஒரு தம்பி என்னிடம் ஓர் உதவி கேட்டான். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. அந்தேரியில் கம்ப்யூட்டர் வேலை. கல்வாவில் நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தான். தங்கைக்கு அடுத்த மே மாதம் திருமணம். தேவை மூன்று லட்சம் ரூபாய். கையில் இருந்ததோ 1,40,000 ரூபாய்.

“அண்ணாச்சி, இது லாட்டரி மாதிரி அதிர்ஷ்டம் இல்லை. மூளைக்கு வேலை. தமிழ்நாட்டுத் தடைச் சட்டத்தையே 2021இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதே. நீங்கள் கணக்குப் பார்க்கிறவர்கள். இந்த ஒரு ஆப் மட்டும் நம்பத் தக்கதா என்று பார்த்துச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு பணத்தைப் போடுகிறேன்” என்றான்.

வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் அவன் என்னிடம் புத்தி கேட்கவில்லை, கணக்குக் கேட்டான். கணக்குக் கேட்கிறவனுக்கு உபதேசத்தை மட்டும் கொடுத்து அனுப்பினால், அவன் வேறொரு கணக்கனைத் தேடிப் போவான். ஆகவே நான்கு மாலைப் பொழுதுகளை ஒதுக்கி, ஒரு நோட்டில் ஏழு கேள்விகளை எழுதி, இருவருமாக ஒவ்வொன்றாய்ப் பார்த்தோம். அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. எந்த நிறுவனமானாலும் கேள்விகள் இவைகளே.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகக் கொடுக்கப்படும். பொதுவான ஐந்து சீட்டுகள் மேசையின் நடுவே படிப்படியாகத் திறக்கப்படும். ஒவ்வொரு படியிலும் பந்தயம் கட்டலாம், உயர்த்தலாம், அல்லது சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். முடிவில் சிறந்த ஐந்து சீட்டுகளைச் சேர்த்தவருக்கு, அல்லது மற்ற எல்லாரையும் விலகச் செய்தவருக்கு நடுவில் குவிந்த தொகை முழுவதும் போகும். ஆட்டத்தை நடத்துகிற நிறுவனம் விளையாடுவதில்லை. அது மேசை போட்டு, குவிந்த தொகையில் ஒரு பங்கைக் கமிஷனாக எடுத்துக்கொள்கிறது. அதை ரேக் என்பார்கள்.

முதலாம் கேள்வி: நடத்துகிறவர் யார்?

கடனாக நூறு ரூபாய் கொடுத்தாலும் வாங்குகிறவரின் வீடு எது என்று கேட்கிறோம். பதிவு செய்யப்பட்ட முகவரி, நிறுவனத்தின் பதிவெண், எந்தச் சட்டத்தின் கீழ் உரிமம், தகராறு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம் என்று பார்த்தோம். அந்நாட்களில் நாகாலாந்து அரசு 2016இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டத்தின் கீழ் போக்கருக்கு உரிமம் கிடைத்தது. அதே சமயம் குஜராத் உயர் நீதிமன்றம் 2017இல் போக்கரைச் சூதாட்டம் என்றே கூறியிருந்தது. ஒரு மாநிலத்தில் திறமை, வேறொரு மாநிலத்தில் சூது. இந்த நிறுவனத்திற்கு இந்திய முகவரியும் உரிமமும் இருந்தன. நோட்டில் “சரி” என்று எழுதினோம்.

இரண்டாம் கேள்வி: சீட்டு நேர்மையாகக் கலைக்கப்படுகிறதா?

திண்ணையில் ஆடினால் கலைக்கிறவனின் கையைப் பார்க்கலாம். கைபேசியில் கையில்லை, ஒரு நிரல்தான் கலைக்கிறது. 52 சீட்டுகளை அடுக்கக்கூடிய விதங்கள் எத்தனை தெரியுமா? ஏறத்தாழ 8 என்று எழுதி அதன் பின் 67 சுழியங்களைப் போட வேண்டும்.

இதில் 1999ஆம் ஆண்டில் நடந்தது அறியத்தக்கது. அக்காலத்துப் போக்கர் நிறுவனங்களுக்கு மென்பொருள் கொடுத்த ஒரு நிறுவனம், தன் நேர்மையைக் காட்டும்படி, கலைக்கும் முறையைத் தானே வெளியிட்டிருந்தது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் அதை வாசித்துப் பார்த்தார்கள். கலைத்தலின் தொடக்க எண், நள்ளிரவு முதல் கடந்த மில்லி விநாடிகளின் எண்ணிக்கையே. ஒரு நாளுக்கு அது 8 கோடியே 64 லட்சம்தான். தங்கள் கடிகாரத்தை அந்தக் கணினியின் நேரத்தோடு ஒத்துப்போகச் செய்தபோது, சாத்தியங்கள் ஏறத்தாழ 2 லட்சமாகக் குறைந்தன. தங்கள் இரண்டு சீட்டுகளையும் மேசையில் திறந்த மூன்று சீட்டுகளையும் கொண்டு, மற்ற எல்லாருடைய சீட்டுகளையும் அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்கள் திருடவில்லை; குறையை வெளிப்படுத்தினார்கள். ஆனால் திருட நினைத்தவன் கண்டிருந்தால் என்னவாகியிருக்கும்?

அதற்குப் பின்பு வெளி ஆய்வுக்கூடங்களிடம் சான்று வாங்குவது வழக்கமாயிற்று. இந்த நிறுவனமும் ஒரு சான்றைக் காட்டியது. சான்றின் தேதியையும், அது எந்த மென்பொருளுக்குக் கொடுக்கப்பட்டது என்பதையும் பார்த்தோம். மறுபடியும் “சரி”.

மூன்றாம் கேள்வி: நம் பணம் எங்கே இருக்கிறது?

நாம் போடுகிற பணம் தனிக் கணக்கில் இருக்கிறதா, அல்லது நிறுவனத்தின் செலவுப் பணத்தோடு கலக்கிறதா? கணக்கனுக்கு இதுவே முதல் பயம்.

2011 ஏப்ரல் 15ஆம் தேதி அமெரிக்க அரசு மூன்று பெரிய போக்கர் நிறுவனங்களின் மேல் நடவடிக்கை எடுத்தது. அவற்றில் ஒன்றான ஃபுல் டில்ட் போக்கர், அந்த ஆண்டு மார்ச் மாத முடிவில் உலகெங்குமுள்ள ஆட்டக்காரர்களுக்கு ஏறத்தாழ 39 கோடி டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. வங்கியில் இருந்ததோ ஏறத்தாழ 6 கோடி டாலர்தான் என்று அமெரிக்க நீதித்துறை குற்றஞ்சாட்டியது. ஆட்டக்காரர்களின் திரையில் இருப்புத் தொகை சரியாகவே தெரிந்துகொண்டிருந்தது; பணம்தான் இல்லை. ஆல்டர்னித் தீவின் உரிமம் பெற்றிருந்த நிறுவனம் அது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு 2014ஆம் ஆண்டில்தான் பணம் திரும்பத் தொடங்கியது.

பிரிட்டனின் சூதாட்ட ஆணையம், ஆட்டக்காரர் பணத்திற்கு எவ்வளவு பாதுகாப்பு உண்டென்று உரிமம் பெற்றவர்களைத் தெளிவாக அறிவிக்கச் சொல்கிறது. பாதுகாப்பு இல்லை, நடுத்தரம், உயர்ந்தது என மூன்று நிலைகள். நாங்கள் பார்த்த நிறுவனத்தின் நிபந்தனைகளில் தனிக் கணக்கு என்று ஒரு வரி இருந்தது. அந்தக் கணக்கை யார் தணிக்கை செய்கிறார் என்று இல்லை. “பாதி சரி” என்று எழுதினேன்.

நான்காம் கேள்வி: எதிரே அமர்ந்திருப்பவர் யார்?

திரையில் ஒரு புனைபெயரும் ஒரு படமும்தான் தெரியும். 2007ஆம் ஆண்டில் அப்சல்யூட் போக்கர் என்ற நிறுவனத்தில், உள்ளே இருந்தவர்களின் வழியாக ஒரு கணக்கு எல்லாருடைய மறைவான சீட்டுகளையும் பார்த்து ஆடியது வெளிவந்தது. அடுத்த ஆண்டு அதன் சகோதர நிறுவனமான அல்டிமேட் பெட்டிலும் அவ்வாறே நடந்தது தெரியவந்தது. கண்டுபிடித்தவர்கள் அதிகாரிகள் அல்ல, ஏமாந்த ஆட்டக்காரர்களே.

உள் ஆட்கள் இல்லாவிட்டாலும் வேறு ஆபத்துகள் உண்டு. ஒரே அறையில் இருக்கும் மூவர் ஒரே மேசையில் அமர்ந்து, கைபேசியில் சீட்டுகளைச் சொல்லிக்கொண்டு நான்காமவரைச் சுரண்டலாம். எதிரே இருப்பது மனிதனாகவே இல்லாமலும் இருக்கலாம். கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் பேஸ்புக்கும் சேர்ந்து உருவாக்கிய ப்ளூரிபஸ் என்ற கணினி நிரல், ஆறு பேர் ஆடும் மேசையில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றதாக 2019இல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. இப்படிப்பட்ட நிரல்களைத் தடுக்கிறோம் என்று எல்லா நிறுவனங்களும் சொல்கின்றன. எப்படித் தடுக்கிறார்கள் என்பதை வெளியே இருக்கிற நாம் சோதிக்க வழியில்லை. இந்தக் கேள்விக்கு நேரே “அறிய முடியாது” என்று எழுதினோம்.

ஐந்தாம் கேள்வி: கமிஷன் எவ்வளவு?

இந்தக் கேள்வியில்தான் தம்பியின் முகம் மாறிற்று.

நம் வீடுகளில் ஏலச்சீட்டு போடுகிறோம். சீட்டு நடத்துகிறவர் எடுக்கும் கமிஷனுக்குச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது; முன்பு 5 சதவீதமாயிருந்தது, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 7 சதவீதமாயிற்று. அது மாதம் ஒரு முறை. போக்கரிலும் 5 சதவீதம்தான் என்று விளம்பரம் சொன்னது. “சீட்டுக் கமிஷன் அளவுதானே அண்ணாச்சி?” என்றான் தம்பி. மாதம் ஒரு முறை அல்ல தம்பி, நிமிடத்திற்கு ஒரு முறை என்றேன்.

கணக்கைப் போட்டோம். ஆறு பேர், ஆளுக்கு 1,000 ரூபாய். மேசையில் மொத்தம் 6,000 ரூபாய். மணிக்கு 60 ஆட்டம். ஓர் ஆட்டத்தில் நடுவில் குவிவது சராசரியாக 100 ரூபாய் என்று கொள்வோம். 5 சதவீதம் என்றால் ஆட்டத்திற்கு 5 ரூபாய். மணிக்கு 300 ரூபாய். அந்த ஆறு பேரும் எழுந்திராமல், புதிதாய்ப் பணம் கொண்டுவராமல் ஆடினால், இருபது மணி நேரத்தில் 6,000 ரூபாயும் நிறுவனத்தின் பையில் இருக்கும். ஆறு பேரும் மேதைகளாயிருந்தாலும் கணக்கு மாறாது.

நீதிமன்றம் திறமை என்று சொல்லிற்றே என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. திறமை உண்டு என்பது உண்மை. ஆனால் திறமை செய்வது, மீந்திருப்பதை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றுவது மாத்திரமே. மேசையில் ஒரு ரூபாயைக்கூட அது உண்டாக்குகிறதில்லை. ஆறு பேரில் ஒருவன் மற்றவர்களைவிடக் கொஞ்சம் சிறந்தவனாயிருந்தால் போதாது; கமிஷனையும் தாண்டிச் சிறந்தவனாயிருக்க வேண்டும்.

இதைத் தம்பி உடனே ஏற்கவில்லை. “என் அறைத் தோழன் எட்டு மாதமாக ஆடுகிறான்; ஜெயிக்கிறான்” என்றான். அப்படியானால் அவனுடைய ஏட்டையும் பார்ப்போம் என்றேன். அந்தத் தோழனும் மறைக்காமல் தன் கணக்கைத் திறந்து கொடுத்தான். ஒவ்வோர் ஆட்டத்தின் பதிவிலும் கமிஷன் எவ்வளவு என்று இருந்தது. தம்பி அவற்றையெல்லாம் கணினியில் சேர்த்துக் கூட்டினான்.

எட்டு மாதத்தில் ஆடியவை ஏறத்தாழ 18,000 ஆட்டங்கள். கமிஷனை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மற்ற ஆட்டக்காரர்களிடமிருந்து அவன் வென்றது 8,300 ரூபாய். மெய்யாகவே அவன் திறமையுள்ளவன். ஆனால் அவன் வென்ற தொகைகளிலிருந்து நிறுவனம் எடுத்த கமிஷன் 15,100 ரூபாய். முடிவில் அவன் கையிலிருந்து போனது 6,800 ரூபாய். செலவான நேரம் ஏறத்தாழ முந்நூறு மணி நேரம்; பெரும்பாலும் தூக்கத்திலிருந்து எடுத்தது.

தோழன் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய வெற்றிகள் அவன் நினைவில் இருந்தன. ஐந்து ஐந்து ரூபாயாகப் போனது நினைவில் இல்லை. கமிஷனின் தந்திரம் அதுவே. அது யாருக்கும் வலிக்காத அளவில் எடுக்கப்படுகிறது.

ஆறாம் கேள்வி: உள்ளே போன பணம் வெளியே வருமா?

முதல் தடவை பணம் போட்டால் அதற்குச் சமமான போனஸ் என்று அறிவிப்பு இருந்தது. நிபந்தனையை வாசித்தோம். அந்தப் போனஸ் ஒரேயடியாய்க் கிடைக்காது. ஆடி ஆடிக் கமிஷன் கட்டக் கட்டச் சிறிது சிறிதாக விடுவிக்கப்படும். குறித்த நாட்களுக்குள் ஆடாவிட்டால் மறைந்துபோகும். அதாவது, நம் கமிஷனின் ஒரு பங்கையே நமக்குப் பரிசென்று திருப்பிக் கொடுக்கிறார்கள். அதற்காக நாம் இரவெல்லாம் ஆட வேண்டும்.

வரியும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல், ஆன்லைன் ஆட்டத்தில் கிடைத்த நிகர வெற்றித் தொகையில் 30 சதவீதம் வருமான வரியாகப் பிடிக்கப்பட்டது. நாங்கள் கணக்குப் பார்த்த அடுத்த மாதமே, அக்டோபர் 1 முதல், போடுகிற பணத்தின் முழு மதிப்பின்மேல் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. 1,000 ரூபாயில் வரியும் அடக்கம் என்றால், ஏறத்தாழ 219 ரூபாய் வரிக்குப் போக 781 ரூபாய்தான் மேசைக்கு வரும். சில நிறுவனங்கள் அந்தக் குறையைத் தாங்களே போனஸாக ஈடு செய்தன. அந்தப் போனஸுக்கும் நிபந்தனைகள் இருந்தன.

ஏழாம் கேள்வி: வெல்லும் பணம் யாருடையது?

இதுவரை கேட்டவை எந்தத் தணிக்கையாளனும் கேட்கும் கேள்விகள். ஏழாவதைத் தம்பிதான் எழுதினான் என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

ஆட்டத்தில் தேறியவர்கள் கொடுக்கும் ஆலோசனைகளை அவன் வாசித்திருந்தான். அவற்றில் முக்கியமான ஒன்று, சிறந்த ஆட்டக்காரர்கள் இருக்கும் மேசையில் அமராதே, பலவீனமானவர்கள் அமர்ந்திருக்கும் மேசையைத் தேடு என்பது. பலவீனமானவனுக்கு அந்த உலகத்தில் ஒரு பெயரும் உண்டு, ‘மீன்’ என்பார்கள். களைத்துப்போனவன், குடித்திருக்கிறவன், இழந்ததை மீட்கத் துடிக்கிறவன், கணக்குத் தெரியாதவன், இவர்களே மீன்கள். கமிஷனையும் வரியையும் தாண்டி ஒருவன் லாபம் காண வேண்டுமானால், இப்படிப்பட்டவர்களைத் தேடிப் போய் அமர்ந்தாக வேண்டும். அவர்கள் எழுந்து போய்விட்டால் அவனும் எழுந்து போக வேண்டும்.

“அண்ணாச்சி, அப்படியானால் தங்கைக்கு நான் போடும் நகை, யாரோ ஒருவன் தன் வீட்டிற்கு அனுப்பாமல் விட்ட பணமாக இருக்குமா?” என்று கேட்டான்.

வேறு யாருடையதாக இருக்கும் என்றேன். கடைக்காரன் லாபம் எடுத்தால் பொருள் கொடுக்கிறான். கூலிக்காரன் பணம் வாங்கினால் உழைப்பைக் கொடுக்கிறான். சீட்டு எடுக்கிறவனும் மீதி மாதங்களில் கட்டித் தீர்க்கிறான். இங்கே வெல்லுகிறவன் தோற்கிறவனுக்கு எதையும் கொடுக்கிறதில்லை. பிறனை நேசிக்கும்படி கற்பிக்கப்பட்ட நாம், பிறனுடைய சோர்வு நேரத்தைத் தேடி அலைகிறவர்களாய் மாற முடியுமா? முதல் ஆறு கேள்விகளுக்கும் ஒரு நிறுவனம் நேர்மையாய்ப் பதில் சொன்னாலும், இந்த ஏழாவதுக்கு அது பதில் சொல்ல இயலாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

தம்பி பணம் போடவில்லை. சனிக்கிழமைகளில் தாராவியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான். குறைந்ததைப் பெரியப்பா கைம்மாற்றாகக் கொடுத்தார். 2024 மே மாதம் திருமணம் மண்டபமில்லாமல் சபையிலேயே நடந்தது. மூன்று லட்சம் தேவைப்படவில்லை.

இன்று நிலைமை என்ன?

அதன் பின்பு சட்டம் பலமுறை திரும்பிற்று. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்நாட்டின் புதிய சட்டத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் மட்டும் தடைப் பட்டியலிலிருந்து நீக்கிற்று. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடத் தடை விதித்தது. அந்த ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. பின்பு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். ஆண்டுதோறும் 45 கோடி மக்கள் ஏறத்தாழ 20,000 கோடி ரூபாயை இழக்கிறார்கள் என்பது அப்போது அரசு சொன்ன மதிப்பீடு. ஆட்டத்தை நடத்துகிறவர்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும், விளம்பரம் செய்கிறவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் அச்சட்டத்தில் உண்டு. ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. இந்திய நிறுவனங்கள் அந்த மாதமே பண ஆட்டங்களை நிறுத்தின. அச்சட்டத்தை எதிர்த்துப் பல உயர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் வரவழைத்துக்கொண்டது.

இத்தோடு தொல்லை ஒழிந்தது என்று எண்ணாதிருங்கள். அந்த அறைத் தோழன், தாளைப் பார்த்த பின்பும், சட்டம் வரும்வரை விட்டுவிட்டு ஆடிக்கொண்டுதான் இருந்தான். சட்டம் வந்த சில வாரங்களில், வெளிநாட்டு மேசை ஒன்றுக்கு அழைப்பு அவன் கைபேசிக்கு வந்தது. இம்முறை அவனே அதை என்னிடம் கொண்டுவந்து, “அந்த ஏழு கேள்விகளையும் இதற்குக் கேட்போமா?” என்றான்.

முதல் கேள்விக்கே பதில் இல்லை. ஒரு தீவின் பெயர் இருந்தது, முகவரி இல்லை. சீட்டுக் கலைப்புக்குச் சான்றில்லை. பணம் போட வேண்டிய யூபிஐ எண் ஏதோ ஒரு தனி மனிதனுடையது. மறுநாள் பார்த்தால் அது வேறொருவருடைய பெயரில் இருந்தது. இப்படிப்பட்ட இடங்களில் முதலில் 500, 1,000 ரூபாயைத் தயங்காமல் திருப்பித் தருவார்கள். நம்பிக்கை பிறந்து பெருந்தொகை சேர்ந்தபின், அதை எடுக்க முன்னதாக வரி கட்டு என்பார்கள். மெய்யான வரி நமக்கு வரவேண்டிய தொகையிலிருந்துதான் பிடிக்கப்படும்; முன்கூட்டி யாருக்கோ அனுப்பச் சொல்லுவது வரியல்ல, திருட்டு. அந்த அழைப்பை அவன் எங்கள் முன்பாகவே அழித்துப்போட்டான்.

வாலிபப் பிள்ளைகளுக்கு இன்னொரு எச்சரிப்பு. “உன் வங்கிக் கணக்கை எங்களுக்குப் பயன்படுத்தக் கொடு, மாதம் இவ்வளவு தருகிறோம்” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஓடுவது இப்படிப்பட்ட பணமே. கணக்கு முடக்கப்பட்டு, சம்பளமும் உள்ளே அகப்பட்டு, காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவன் கணக்குக்காரனே.

வீட்டாருக்கும் சபையாருக்கும்

பிள்ளை ஆடுகிறான் என்று தெரிந்தால் முதலில் கூச்சலிடாதிருங்கள். கூச்சலிட்டால் அவன் ஆட்டத்தை நிறுத்தமாட்டான், சொல்லுவதை நிறுத்துவான். வங்கி ஏட்டை எடுத்து, உட்காரவைத்து, போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று இரண்டு வரிசையாக அவன் கையாலேயே எழுதச் செய்யுங்கள். எழுதப்பட்ட எண்ணை மறுப்பது கடினம்.

எண்ணைக் கண்ட பின்பும் நிறுத்த முடியாதவர்கள் உண்டு. சூதாட்ட அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனம் நோய்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. அவர்களுக்கு ஜெபமும் வேண்டும், மருத்துவரும் வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதைத் தடுக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் அரசின் மனநல ஆலோசனை கட்டணமின்றித் தமிழிலும் கிடைக்கிறது. பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையில் கைபேசி, இணையப் பழக்கங்களுக்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு நடக்கிறது. பணம் ஏமாற்றப்பட்டிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். தாமதிக்குந்தோறும் பணம் கைமாறிப் போகும்.

அந்தக் கடனை அடைக்க மறுபடியும் கடன் கொடாதிருங்கள். உதவ விரும்பினால் வாடகையை வீட்டுக்காரரிடமும், கட்டணத்தைப் பள்ளியிலும் நேரடியாகக் கட்டுங்கள். பணம் அவன் கைக்குப் போனால், இழந்ததை மீட்கும் ஆசைக்கே இரையாகும்.

இந்த ஏழு கேள்விகளைப் போக்கருக்கு மாத்திரம் அல்ல, விரைவில் இரட்டிப்பாகும் என்று யார் எதைக் காட்டினாலும் கேட்கலாம். நடத்துகிறவன் யார்? பணம் எங்கே? கமிஷன் எவ்வளவு? எடுக்க முடியுமா? இவைகளுக்கு நல்ல பதில் வந்தாலும் அவசரப்பட்டுக் கையொப்பமிடாமல், கடைசிக் கேள்வியைக் கேளுங்கள்: எனக்கு வரும் இந்தப் பணம் யாருடைய வீட்டிலிருந்து எழுந்து வருகிறது? அந்த வீட்டாரின் முகத்தைப் பார்த்து நன்றி சொல்லி வாங்கக்கூடிய பணமானால் வாங்குங்கள். முகம் தெரியாமல் இருப்பதே நல்லது என்று தோன்றுமானால், அது நமக்குரியதல்ல.